சாரணை என்று எழுதினேன்

எங்கள் துறைக்கு ஐம்பது வயதாகிறதாம், மலர் போடுகிறார்கள். "அந்தக் காலத்துல கொலஸ்டிரால் எப்படிப் பாத்தீங்கன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், பிள்ளைங்களுக்குச் சுவாரசியமா இருக்கும்" என்று இப்போதைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் கேட்டார். போன மாதம் என் இரத்தத்தைச் சோதிக்க அங்கே போயிருந்தேன். வட்டத் தட்டில் நாற்பது குழாய்கள், எண்ணினேன். இயந்திரம் தானே உறிஞ்சி, தானே கலக்கி, தானே எண்ணைக் காகிதத்தில் அடிக்கிறது. அதைக் கவனிக்க வேண்டிய பெண் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேலையில் நாற்காலி கிடைத்தது பதினோராவது வருடம். அதற்கும் கை கிடையாது.

நாலு பக்கம் எழுத உட்கார்ந்தேன். முறையை மட்டும் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் காதர் மைதீனை விட்டுவிட்டு அதை எழுத முடியவில்லை. காதரை எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டும். வேண்டாம் என்றால் அச்சில் போடாமல் விடட்டும்.

கும்பகோணத்தில் வேதியியல் பட்டம், முதல் வகுப்பு. அப்பா வேதாரண்யம் பக்கம் பள்ளி ஆசிரியர். தஞ்சாவூரில் எங்கள் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. சேர்ந்த அன்று ஆய்வகத்தில் பதினாறு பியூரெட், அதில் மூன்று உடைசல், ஒரு நிறமானி, நாற்பத்தெட்டு எலி, ஒரு காதர்.

காதர் எனக்கு ஐந்து மாதம் முன்னால் சேர்ந்தவன். என் வயதுதான். புகுமுக வகுப்போடு படிப்பு முடிந்தது. நாகப்பட்டினம் பக்கம் வீடு. அவன் மாமா கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையெல்லாம் அந்தக் கடை மூட்டைகளுக்கு நடுவில் கழித்தவன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வேரை மூக்கருகில் கொண்டுபோய், என்ன வேர், எந்த மாதம் பறித்தது, வெயிலில் காய்ந்ததா நிழலில் காய்ந்ததா என்று சொல்வான். ஒன்பது முறை சோதித்தேன். ஒன்பதும் சரி.

எலிகளும் அவனிடம்தான் அடங்கும். ஒரு கையில் எலியைப் பிடித்து, மறு கையால் மழுங்கிய குழாயைத் தொண்டைக்குள் செலுத்தி மருந்து கொடுக்க வேண்டும். என்னை எலி கடித்தது முதல் வருடத்தில் பதினேழு முறை. அவனை இரண்டு முறை. அந்த இரண்டும் அவன் மேல் தப்பு என்று அவனே சொல்வான். "நான்தான் தியாகு அவசரப்பட்டேன். அது பாவம் என்ன பண்ணும்?" பதினேழு கடி வாங்கியவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்?

எங்கள் பேராசிரியர் டாக்டர் ருக்மாங்கதன். ஒல்லி, உயரம், கதர்ச் சட்டை. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் அறையில் "குறைந்தது", "கூடியது" என்று சொல்லக் கூடாது. "எத்தனையிலேருந்து எத்தனை?" என்பார். தன் கண்ணாடிக் குழாய்களைத் தானே கழுவுவார். குறிப்பேட்டில் தப்பானதை அழிக்கவோ கிறுக்கி மறைக்கவோ விடமாட்டார். அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு. "அடிச்சதும் தெரியணும், அடிக்கப்பட்டதும் தெரியணும்" என்பார். நாலு மணிக்கு வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி வரும். அதில் ஒரு மூடி அளவு காதருக்குப் போகும். "மூக்குக்காரரே, இந்தாங்க" என்று கொடுப்பார். எனக்கும் கொடுத்திருக்கிறார். கணக்குச் சொன்னால் சிறுமையாக இருக்கும். ஆனாலும் கணக்கு என்னிடம் இருந்தது.

அப்போது ஆட்சி மாறிச் சில வருடங்களே ஆகியிருந்தன. அலுவலகப் பதிவேடுகளைத் தமிழில் வைக்கச் சொல்லி உத்தரவு வந்துகொண்டிருந்த காலம். டாக்டர் அதைச் சந்தோஷமாகவே செய்தார். வேர்களுக்கான இருப்புப் பதிவேட்டில் இரண்டு பத்தி போட்டார்: ஒன்றில் ஊரில் வழங்கும் தமிழ்ப் பெயர், அடுத்ததில் தாவரவியல் பெயர். வேரோடு இலை, பூ, காய் எல்லாம் உள்ள முழுச் செடி ஒன்றும் வர வேண்டும். அதைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி, தாவரவியல் துறையில் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் இரண்டாம் பத்தியை நிரப்பலாம். இதுதான் விதி.

மூக்கிரட்டை வேரை எடுத்தது காதர் சொல்லித்தான். வீக்கத்துக்கு வைத்தியர்கள் கொடுக்கும் வேர் அது. அவன் மாமா கடையில் உடம்பு கனத்தவர்கள் அதை வாங்கிக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். "இரத்தக் கொழுப்புக்கு ஏதாவது செய்யுதான்னு எலியில பாக்கலாமா சார்?" என்று அவன் கேட்க, டாக்டர் என்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டார். நான் அப்போது ஆறடி தள்ளி நின்று பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தேன்.

முறையைச் சொல்கிறேன். வேரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரும்பு உரலில் இடித்துச் சலிக்க வேண்டும். பொடியைச் சாராயத்தில் ஊறப்போட வேண்டும். மதுவிலக்கு இருந்ததால் அந்த ஸ்பிரிட் புட்டி இருந்த அலமாரியின் சாவியும் பதிவேடும் என்னிடம். ஏழு நாள் ஊறியதை வடிகட்டி, வெந்நீர்த் தொட்டியில் சாராயத்தைப் போக்கினால் அடியில் கருப்பட்டிப் பாகு போல ஒன்று தங்கும். அதுதான் சாறு.

எலிகள் இருபத்து நான்கு. ஆறு ஆறாக நான்கு கூண்டு. முதல் கூண்டுக்குச் சாதாரணத் தீனி. மற்ற மூன்றுக்கும் வனஸ்பதியும் கொலஸ்டிரால் தூளும் கலந்த தீனி. அவற்றில் மூன்றாவது கூண்டுக்குச் சாறு கொஞ்சம், நான்காவதுக்கு அதிகம். கடைசியில் இரத்தம் எடுத்து, உறையவிட்டுச் சுழற்றினால் மஞ்சள் நீர் மேலே நிற்கும். அதிலுள்ள கொழுப்பைக் குளோரோபாரத்தில் இழுத்து, அசெட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து, கந்தக அமிலத்தைச் சொட்டாக விட வேண்டும். பச்சை நிறம் பிறக்கும். கொழுப்பு எவ்வளவோ அவ்வளவு பச்சை. ஆனால் அந்தப் பச்சை நிற்காது. ஏறும், பிறகு மங்கும். வெளிச்சம் படக் கூடாது. சூடு ஏறக் கூடாது. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் போச்சு. தஞ்சாவூர் வெயிலில் மண்தொட்டியில் பனிக்கட்டி போட்டு, கறுப்புத் துணி மூடி, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரே அளவு நேரம் விட்டு, நிறமானியில் வைத்துக் கண்ணால் படிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமல் நான் வாய்க்குள் எண்ணியே அந்த நேரத்தைப் பிடிப்பேன். இந்த ஒன்றில் காதரைவிட நான் மேல். டாக்டரே சொன்னார். ஒரு முறை.

முதல் சோதனை நடந்தபோது நான் ஊரில் இல்லை. சென்னைக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். வேர் கொண்டுவந்தது, சாறு எடுத்தது, எலிக்குக் கொடுத்தது, பச்சையைப் படித்தது எல்லாம் காதர் ஒருவனே. நான் திரும்பி வந்த காலையில் டாக்டர் குறிப்பேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். நான்காவது கூண்டின் ஆறு எண்களும் இரண்டாவது கூண்டின் ஆறு எண்களுக்குக் கீழே, தெளிவாகக் கீழே இருந்தன.

"எலியில எறங்கினது மனுஷனுக்கு எறங்குமாங்கறது வேற கேள்வி" என்றார் டாக்டர். ஆனால் அவர் கை அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை செய்யணும். அதே மாதிரி வந்தா எழுதிடலாம். இந்தத் தடவை நிறத்தை நீங்க படிங்க தியாகராஜன்."

அதற்கு இரண்டு நாள் கழித்து அலுவலக எழுத்தர் என்னைக் கூப்பிட்டு, துறைக்கு நிரந்தரப் பணியிடம் ஒன்று வரப்போகிறது என்றார். ஒன்றா என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார். தற்காலிகமாக இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். பட்டம் என்னிடம் இருந்தது. பக்கம் காதரிடம் இருந்தது. அந்தப் பக்கத்தை டாக்டர் தடவிய விதத்தை நான் பார்த்திருந்தேன்.

இரண்டாம் சோதனைக்கு வேர் வேண்டியிருந்தது. தை மாதம், அறுவடை தொடங்கியிருந்தது. காதர் வழக்கமாகப் போவது திருவையாற்றுக்கு அப்பால் ஒரு கிராமம். அங்கே அஞ்சலை என்ற விவசாயத் தொழிலாளிப் பெண் வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் தோண்டிக் கொடுப்பாள். அந்த வாரம் பார்த்துக் காதரின் தாயாருக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்து அவன் ஊருக்குப் போய்விட்டான். போகும்போது என்னிடம் சொன்னான்:

"தியாகு, நான் வர ஏழெட்டு நாளாகும். வேரை நீங்க எடுத்தா ஒண்ணே ஒண்ணு பாருங்க. மூக்கிரட்டை விதை பிசுபிசுன்னு வேட்டியில ஒட்டும். வேட்டியில ஒட்டலேன்னா அது மூக்கிரட்டை இல்ல."

புகுமுக வகுப்புக்காரன் எனக்குச் சொல்கிறான். "தெரியும் பாய்" என்றேன். தெரியாது. எங்கள் வீட்டில் கீரை சட்டிக்கு வந்த பிறகுதான் எனக்கு அதைத் தெரியும். எங்கள் பக்கம் அதைச் சாரணை என்பார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்தேன். அந்தக் கிராமத்தில் கூலி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் வேலைக்கு வராமல் நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. வயல்களில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். பண்ணை வெளியூரிலிருந்து ஆள் இறக்கியிருந்தது. வாய்க்கால் பாலத்தடியில் போலீஸ் வண்டி ஒன்று, உள்ளே ஆறு பேர். மிராசுதாரின் காரியக்காரர் குடையோடு பாலத்தில் நின்றிருந்தார்.

"யாருங்க நீங்க? பையில என்ன?"

"காலேஜ்லேருந்து வர்றேன். மருந்துக்கு வேர் எடுக்கணும்."

"வேரா? போன வாரமும் வேர் தோண்டுறேன்னுதான் வந்தாளுவ. மறுநாள் பாத்தா வரப்புல கொடி நிக்குது. கரையில ஒரு அடி வைக்கக் கூடாது, ஆமா. படிச்சவரா இருக்கீங்க, திரும்பிப் போயிருங்க."

நான் திரும்பவில்லை. சுற்றிப் போய் அஞ்சலையின் தெருவை அடைந்தேன். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். வேலை இல்லாததால் வாசலில் உட்கார்ந்து முறம் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவனை முந்தின நாள் போலீஸ் அழைத்துப் போயிருந்தது. அதை அவள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

"சாரணை வேர் வேணும்" என்றேன்.

"சாரணையா? பாய் மூக்கிரட்டைல்ல கேப்பாங்க?"

மூக்கிரட்டை என்ற சொல் என் வாயில் வரவில்லை என்பதல்ல. அது காதரின் சொல். டாக்டர் அவனை மூக்குக்காரர் என்று கூப்பிடுவார். எனக்கு என் ஊர்ச் சொல்லைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றேன்.

"ஒண்ணா?" அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நாங்க வேற வேறன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டையும் தனித்தனியாவுல்ல ஆக்கித் திங்கிறோம்!" பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "சரி, படிச்சவங்க சொல்றீங்க. சாரணைதானே, நம்ம பொறம்போக்குலயே மண்டிக் கெடக்கு. வரப்புக்கே போவ வேணாம்."

தெருவுக்குப் பின்னால் மேட்டில் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் தோண்டினார்கள். இலை சதைப்பற்றாக, தரையோடு படர்ந்திருந்தது. வேர் காதரின் பழைய சாக்கின் அடியில் நான் பார்த்திருந்ததைவிட மெல்லிசு. இளசு என்று நினைத்துக்கொண்டேன். பாலத்துப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடுவது தெரிந்தது. வேரை மட்டும் நறுக்கி இரண்டு பையில் போட்டுக்கொண்டு, முழுச் செடி எடுக்காமல் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது என் வேட்டி வெள்ளையாக இருந்தது. அத்தனை கலவரத்திலும் ஒரு கறை இல்லையே என்று சந்தோஷப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது.

பதிவேட்டில் முதல் பத்தியில் "சாரணை" என்று எழுதினேன். இரண்டாம் பத்தியில் மேலே உள்ளதே என்பதற்கான இரண்டு சிறு கோடுகள் போட்டேன். மேல் வரியில் காதரின் மூக்கிரட்டை, அதன் தாவரவியல் பெயர், தாவரவியல் துறைக் கையெழுத்து. காதர் வருவதற்குள் எல்லாம் என் கையால் முடிய வேண்டும் என்று உலர்த்தி, இடித்துச் சலித்துவிட்டேன்.

எட்டாம் நாள் அவன் வந்தான். தாயாருக்குத் தேவலை என்றான். பொடியை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

"வாசம் கொஞ்சம் மாறி இருக்கே தியாகு."

"நீங்க எடுத்தது ஆடி. இது தை."

"ம்." அவன் என்னைப் பார்க்கவில்லை, பொடியைத்தான் பார்த்தான். "விதை ஒட்டுச்சா?"

பஸ்ஸில் பார்த்த வெள்ளை வேட்டி எனக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லியிருக்கலாம். பொடியைக் கொட்டிவிட்டு இன்னொரு இடம் தேடியிருக்கலாம். ஒரு வாரம் போயிருக்கும், அவ்வளவுதான். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது, டாக்டர் உள்ளே இருந்தார். என் தப்பை இவன் மூக்கு கண்டுபிடித்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கும் ஒரு மூடி காபி இவனுக்குப் போகும்.

"ஒட்டிச்சு பாய். வேட்டியெல்லாம்" என்றேன்.

"அப்ப சரி" என்றான் காதர். ஒருவன் தன் மூக்கைவிட என் சொல்லை நம்பினான். அந்த ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்று இப்போது தெரிகிறது.

இரண்டாம் சோதனை ஆறு வாரம் நடந்தது. ஒரு நாள் தவறாமல் காதர் சாறு கொடுத்தான். ஒரு எலிகூடச் சாகவில்லை. கடைசி நாள் இருபத்து நான்கு குழாய்களையும் நான் படித்தேன். கறுப்புத் துணிக்கடியில் வாய்க்குள் எண்ணி எண்ணி எடுத்தேன். அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன்னும் பின்னும் படித்ததில்லை. இரண்டாவது கூண்டும் நான்காவது கூண்டும் ஒரே பச்சை.

டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் இரண்டு பக்கங்கள் பக்கத்துப் பக்கத்தில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"போன தடவை எறங்கிச்சு. இந்தத் தடவை எறங்கல. தியாகராஜன், நிறம்?"

"ஒவ்வொரு குழாயும் ரெண்டு தடவை படிச்சேன் சார்."

"பாத்தேன். அதுல குறை இல்ல." காதர் பக்கம் திரும்பினார். "காதர், போன தடவை எத்தனை தடவை படிச்சீங்க?"

"ஒரு தடவை சார். ஒத்தை ஆளா... நேரம் ஓடிருச்சு சார்." அவன் காது சிவந்திருந்தது. "வேர்ல ஏதாவது மாற்றம் இருக்குமோன்னு..." என்று என்னைப் பார்த்தான். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. தெரிந்தவரிடம் விசாரிக்கிற பார்வை.

"வேர் அதேதான் சார். நானே நின்னு தோண்ட வச்சேன்" என்றேன்.

டாக்டர் தலையசைத்தார். "வரணும்னு ஆசைப்பட்டா கண்ணு அப்படித்தான் பாக்கும் காதர். உங்கள நான் குத்தம் சொல்லல. என் கண்ணும் அந்தப் பக்கத்த அப்படித்தான் பாத்துச்சு." அளவுகோலை எடுத்தார். முதல் பக்கத்தில் நான்காவது கூண்டின் ஆறு எண்களின் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டார். நேரான கோடு. அன்று காபி யாருக்கும் கொடுக்கவில்லை.

சித்திரையில் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. வைகாசியில் காதர் ராஜினாமா எழுதிக் கொடுத்தான். மாமா கடைக்கு ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னான். கூண்டுகளைக் கழுவி, எலிகளுக்குத் தண்ணீர் மாற்றி, எலி அறைச் சாவியை என்னிடம் கொடுத்தான். "கடிச்சா கோவப்படாதீங்க தியாகு, இறுக்கிப் பிடிச்சாத்தான் கடிக்கும்" என்றான். அதன் பிறகு அந்த வேரை எங்கள் துறையில் யாரும் தொடவில்லை.

முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். கும்பகோணத்துக்கு எத்தனையோ முறை போனேன். அவன் கடைத் தெரு வழியாகப் போனால் பஸ் நிலையம் கிட்டம். நான் சுற்றிப் போவேன். அவன் பிழைப்பு நன்றாக இருக்கிறது, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோதெல்லாம், நல்லது, நான் கெடுக்கவில்லை என்று தேற்றிக்கொண்டேன். அடுத்த நிமிடமே, அவனுக்கென்ன, முதலாளி என்று எரிச்சல் வரும்.

ஓய்வு பெறும் மாதம் பழைய கோப்புகளைக் கழிக்கச் சொன்னார்கள். டாக்டர் ருக்மாங்கதன் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவர் அலமாரியின் மூன்றாம் தட்டில் ஒரு கோப்பு. அதில் மூன்று கார்பன் நகல்கள். முதல் கடிதம், வரவிருக்கும் பணியிடத்துக்கு என் பெயரைப் பரிந்துரைத்தது. அதன் தேதியைப் பார்த்தேன். நான் வேர் எடுக்கப் போன நாளுக்குப் பத்தொன்பது நாள் முன்னால் எழுதியது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.

இரண்டாவது கடிதமும் அதே தேதியில் எழுதியது. மூலிகை வேர் ஆராய்ச்சிக்கெனக் கூடுதலாக ஒரு பணியிடம் கேட்டு, அதற்குக் காதர் மைதீனைத் தவிர வேறு தகுதியானவர் இல்லை என்று எழுதியிருந்தார். சோதனை மறுபடி செய்யப்படுகிறது, முடிவு வந்ததும் அனுப்புகிறேன் என்று கடைசி வரி. மூன்றாவது இரண்டே வரி: முடிவு சாதகமாக இல்லாததால் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.

பணியிடம் இரண்டு. எனக்கும் அவனுக்கும் போட்டியே இருந்திருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே கும்பகோணம் போனேன். இந்தத் தடவை சுற்றவில்லை. கடை ஒடுக்கமானது; இரண்டு பக்கமும் பித்தளைப் பாத்திரக் கடைகள். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, தராசுக்குப் பின்னால் காதர். பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

"தியாகுவா? அட, வாங்க வாங்க! எலி இன்னும் கடிக்குதா?"

உட்காரச் சொன்னான். உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்ல முடியாது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலை கேட்டதையும் நான் சொன்ன பதிலையும், வேட்டி வெள்ளையாக இருந்ததையும், ஒட்டிச்சு என்று சொன்னதையும், மூன்று கடிதங்களையும். நடுவில் ஓர் அம்மாள் வந்து சுக்கு கேட்டார். நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்றான். பணியிடத்தைப் பற்றிச் சொன்னபோது அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஏதோ வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

"அப்ப அது சாரணை வேர். நீங்க படிச்சது சாரணை."

"ஆமா."

"நீங்க படிச்சதும் சரி."

"சரிதான்."

"நான் முதல்ல படிச்சது மூக்கிரட்டை. அப்ப அதுவும்..."  தராசுத் தட்டைக் கையால் பிடித்துக்கொண்டான். "நான் பாத்தது பாத்ததுதானே? நானா உண்டாக்கலையே?"

"இல்ல பாய். நீங்க உண்டாக்கல."

 அவன் பின்னால் இருந்த மூக்கிரட்டை மூட்டையைக் காட்டினான். "இந்த வேரைக் கேட்டு வாரத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க. டாக்டர் கொழுப்புன்னுட்டாரு பாய், குடுங்கம்பாங்க. வீக்கம்னா தர்றேன், கொழுப்புக்கு இது ஆகாதுன்னு திருப்பி அனுப்பிருவேன். ஏன்னா எனக்கே நம்பிக்கை இல்ல. நாமதான் ஆசையில பச்சையைக் கம்மியாப் பாத்துட்டோம்னு... முப்பத்திரண்டு வருஷம் தியாகு. வேலை போனது போயிட்டுப் போவுது. வேலை யாருக்கு வேணும்? ஒரு சரக்கை மோந்து பாத்துட்டு, இதுதானான்னு ரெண்டாவது தடவை மோந்து பாப்பேன். எங்க மாமா சிரிப்பாரு. முன்னால உனக்கு ஒரு தடவை போதுமேடான்னு."

 மன்னித்துவிடுங்கள் என்றேன். அதை அவன் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பொட்டலம் மடிக்கிற காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, பேனாவோடு என் முன்னால் வைத்தான்.

"எழுதிக் குடுங்க."

"என்னன்னு?"

"நான் படிச்சது சரின்னு. நிறம் பாக்குறதுல நீங்கதான் மேலன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. நீங்க எழுதினா செல்லும்."

எழுதினேன். நாலு வரி, கையெழுத்து, நான் வகித்த பதவி, அன்றைய தேதி. இரண்டாவது வரியில் "கொழுப்பு குறைந்தது" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "எத்தனையிலேருந்து எத்தனைன்னு இல்லையே?" என்றான். அந்த ஆறு எண்களும் அவனுக்கு மனப்பாடம். சொல்லச் சொல்ல எழுதினேன். பழைய குறிப்பேட்டில் டாக்டர் போட்ட கோட்டுக்கு அடியில் நான் பார்த்த அதே எண்கள், அதே வரிசை.

வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைக்குள் தனியாக நிற்பவன் போல உரக்கப் படித்தான். ஆறாவது எண்ணுக்கு வந்தபோது அவன் முகம் விரிந்தது. இருபத்தாறு வயதில் அவனுக்கு இருந்த முகம். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு முறை தட்டிப் பார்த்தான்.

"கிளம்புங்க தியாகு. தஞ்சாவூர் வண்டி அஞ்சரைக்கு" என்றான். தேநீர் வாங்கித் தரவில்லை. மறுபடி வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

பஸ் நிலையத்தில் நின்றபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் படித்த நிறங்கள் பல ஆயிரம் இருக்கும். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றுக்காவது, சரி என்று தெரிந்து, என் முகம் அப்படி விரிந்ததில்லை. அவனிடம் இருந்தது ஆறே ஆறு எண். எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.